மலையேறிய மருத்துவம் – 12: மூடச் சொன்ன உத்தரவு

பள்ளங்கியில் மாலை நான்கு மணிக்கே குளிர் இறங்கிவிடும். பூண்டுப் பாத்தியில் குனிந்து நிற்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றியிருப்பார்கள். படிப்படியாக இறங்கும் வயல்கள். மேகம் விலகினால் வடக்கே பழனிச் சமவெளி. நிமிர்ந்து பார்த்தால் மேலே கொடைக்கானல்.

இன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். எண்பது ஆண்டுகளுக்கு முன் அப்படியில்லை. பிரசவ வலி கண்டால் ஊர் மருத்துவச்சிதான். அவள் கையை விரித்துவிட்டால் டோலி கட்டித் தூக்க வேண்டும். ஏற்றத்தில் நான்கு பேர் தோள் மாற்றிச் சுமந்து போய்ச் சேரும்போது அங்கே டாக்டர் இருக்க வேண்டும். அதிலும் டாக்டரம்மா இருந்தால்தான் வீட்டார் உள்ளே விடுவார்கள்.

1946-இல் அந்த மேல் ஊருக்கு ஒரு டாக்டரம்மா நிரந்தரமாகக் குடிவந்தார். வயது 75. வீட்டின் பெயர் ‘ஹில்டாப்’.

அவர் மலையேறியது வைத்தியம் பார்க்க அல்ல, ஓய்வெடுக்க. ஆனால் அந்த ஓய்வுக்கு முந்தைய ஒன்பது ஆண்டுகள் அவர் வாழ்க்கையிலேயே கடினமானவை. தான் கட்டிய பள்ளியை மூடுவதா, தன் கையாலேயே மாற்றி எழுதுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருந்த ஆண்டுகள் அவை.

* * *

இதுவரை

மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள், 1845-இல் பழனிமலை மேல் இரண்டு பங்களாக்கள் கட்டியதில் தொடங்கியது நம் கதை. சன்னிசைட், ஷெல்டன் என்ற அந்த இரண்டு வீடுகளைச் சுற்றித்தான் கொடைக்கானல் என்ற ஊர் முளைத்தது.

பிறகு திண்டிவனத்துக்கு இறங்கினோம். 1890-களின் தொடக்கம். ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, தாயின் நோய்க்காகத் திரும்பி வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மற்றொரு இந்து. மூன்று வீட்டிலும் பிரசவத்தில் உயிருக்குப் போராடும் மனைவி. அப்பா டாக்டர்தான்; அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த விடியலில் மருத்துவம் படிக்கப் புறப்பட்டவர், 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இன் தொடக்கத்தில் வேலூர் வந்தார். முதலில் ஒற்றைப் படுக்கை மருந்தகம். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1909-இல் செவிலியர் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

அந்தப் பள்ளிக்கு வந்த சோதனைதான் இந்த வாரம்.

* * *

எல்.எம்.பி. டாக்டர்

ஐம்பதைக் கடந்த வாசகர்களுக்கு இந்த மூன்றெழுத்து நினைவிருக்கும். சின்ன ஊர்க் கடைத்தெரு, மர பெஞ்சு, கலர் தண்ணீர் பாட்டில், சீட்டு மடிக்கும் கம்பவுண்டர், சுவரில் ‘எல்.எம்.பி.’ என்று எழுதிய பலகை. கைராசிக்காரர் என்று பெயரெடுத்த எத்தனையோ பேர் எம்.பி.பி.எஸ். படித்தவர்களல்லர்; எல்.எம்.பி.தான்.

அது பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. மருத்துவப் பள்ளியில் நான்காண்டு படித்து, அரசு நடத்தும் தேர்வில் வென்று வாங்கும் உரிமம். செலவு குறைவு, காலமும் குறைவு. நகரத்தில் பட்டக்காரர்களோடு போட்டி போட முடியாத எல்.எம்.பி. டாக்டர்கள் கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் போனார்கள்.

ஐடா 1918-இல் தொடங்கியதும் எல்.எம்.பி. பள்ளிதான். அன்றைய சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல் கர்னல் பிரைசனுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. ஆறு பெண்கள் விண்ணப்பித்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்றார். விண்ணப்பங்கள் அதைப்போலப் பல மடங்கு வந்து குவிந்தன. 1918 ஆகஸ்ட் 12-இல் ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். கட்டடம் வாடகை. கருவிகள் கைவிரலில் எண்ணிவிடலாம். உடற்கூற்றியலை ஐடாவே எடுத்தார்.

முதலாண்டுத் தேர்வு முடிவு வந்தபோது மாகாணமே திரும்பிப் பார்த்தது. ஆண்கள் பள்ளிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் தேறியிருந்தார்கள். வேலூரில் எழுதிய 14 பெண்களும் தேர்ச்சி. 1922-இல் அந்த 14 பேரும் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

ஐடா பாடம் நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். 1909-இல் வேலூருக்கு ஒரு பியூஜோ கார் வந்தது. வாரம் ஒருநாள் மருந்துப் பெட்டியோடு அதில் ஏறிக் குடியாத்தம் சாலையில் போவார். மரத்தடி மரத்தடியாக வண்டி நிற்கும். புண் கட்டுவது, பல் பிடுங்குவது, குழந்தைக்கு மருந்து புகட்டுவது எல்லாம் சாலையோரத்தில்தான். பள்ளி வந்த பிறகு மாணவிகளும் கூடவே போனார்கள். நோயாளி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள், அங்கே என்ன சாப்பிடுகிறாள், யார் பேச்சைக் கேட்கிறாள் என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாதே.

அவருடைய முதல் மாணவி யார் என்று தேடினால் 1918-க்கும் முன்னால் போக வேண்டும். ஒற்றைப் படுக்கை மருந்தகத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமி. கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டது அந்தக் கைதான். பள்ளி என்ற பெயர்ப்பலகைக்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது.

* * *

1937: நியாயமான ஓர் ஆணை

1937 ஜூலையில் ராஜாஜி தலைமையில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்றது. சுகாதார அமைச்சர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன்.

ஸ்ரீரங்கத்துக்காரர். பர்மாவில் டாக்டராக இருந்து, இங்கிலாந்தில் உயர்படிப்பு முடித்தவர். 1930-இல் வேதாரண்யம் உப்புப் பயணம் புறப்பட்டது திருச்சியில் அவர் வீட்டிலிருந்துதான். மருத்துவமும் தெரியும், சிறையும் தெரியும். அப்படிப்பட்டவர் கேட்ட கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஒரே நாட்டில் இரண்டு வகை டாக்டர்கள் எதற்கு?

பணக்காரருக்குப் பட்டம் பெற்றவர், ஏழைக்கு உரிமம் பெற்றவர் என்ற பாகுபாடு வெள்ளையர் ஆட்சி விட்டுச்செல்லும் அழுக்கு என்று தேசியவாதிகள் பலர் நினைத்தார்கள். இனி எம்.பி.பி.எஸ். மட்டுமே, பல்கலைக்கழகத் தரத்துக்கு உயராத மருத்துவப் பள்ளிகள் புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது அரசின் முடிவு. அரசு தன் பள்ளியையும் விட்டுவைக்கவில்லை. ராயபுரத்து ஸ்டான்லி மருத்துவப் பள்ளி 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது.

ஸ்டான்லிக்குப் பின்னால் கஜானா இருந்தது. வேலூருக்குப் பின்னால் இருந்தது நன்கொடை.

ஆணையை எதிர்த்து வாதாட ஐடாவுக்கு நிறையக் காரணங்கள் உண்டு. கிராமத்துக்குப் போவது எல்.எம்.பி.தான் என்று சொல்லியிருக்கலாம். தென்மாவட்டங்களின் நிலை அதற்குச் சாட்சி: மதுரைக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வர 1954 ஆக வேண்டியிருந்தது. பழனிமலையில் இருப்பவருக்குப் பட்டம் பெற்ற டாக்டர் என்பவர் சென்னையில் விளையும் அரிய பொருள்.

ஆனாலும் தரம் வேண்டாம் என்று ஓர் ஆசிரியை எப்படி வாதாடுவார்? கிராமத்துப் பெண்ணுக்கு அரைகுறை வைத்தியம் போதும் என்று அவர் வாயால் வருமா? அந்த ஆணையின் கூர்மை இங்கேதான் இருந்தது. அதை அநியாயம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

* * *

காலியாகும் வகுப்பறைகள்

புதிய வகுப்பு இல்லையென்றால் என்ன ஆகும்? இந்த ஆண்டு முதல் வகுப்பு காலி. அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பும். நான்கைந்து ஆண்டுகளில் கடைசி மாணவியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். யாரும் வந்து பூட்டுப் போட வேண்டியதில்லை. பள்ளி தானாகவே மூடிக்கொள்ளும்.

உயர்த்துவதென்றால் பட்டியல் நீண்டது. படுக்கைகளைப் பெருக்க வேண்டும். ஆய்வகங்கள் வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் உயர்பட்டம் பெற்ற பேராசிரியர் வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் அதிகம் சுட்டது. வேலூரில் பாடம் நடத்திய பலர் அங்கேயே படித்தவர்கள். ஐடா கைபிடித்து வளர்த்தவர்கள். அறுவைக்கூடத்தில் அவர்கள் கை நடுங்காது. ஆனால் அவர்களிடம் இருந்தது எல்.எம்.பி.; பல்கலைக்கழகம் கேட்டது அதற்கு மேல். ஆண்டுக்கணக்கான அனுபவம் ஒரே ஆணையில் தகுதிக்குறைவாகிவிட்டது.

சிலர் மறுபடியும் மாணவிகளாகி எம்.பி.பி.எஸ். படிக்கப் போனார்கள். தன் பழைய மாணவியை வேறொரு வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவைக்கும் ஆசிரியையின் மனம் எப்படியிருக்கும்? ஆனால் அனுப்பத்தான் வேண்டியிருந்தது. வெளியிலிருந்து பேராசிரியர்களை இறக்குமதி செய்தே காலம் தள்ள முடியாது. உள்ளே இருப்பவர்களை உயர்த்தாவிட்டால் கல்லூரி என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

பணத்துக்கு எங்கே போவது? 1941-இல் ஐடா அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வயது 70.

ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்க, அமெரிக்காவும் போரில் இறங்கியது. ஊரெல்லாம் போர் நிதி திரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கோ வேலூரில் உள்ள ஒரு கல்லூரிக்காக வெள்ளைமுடிக் கிழவி ஒருவர் ஊர் ஊராகப் போய் மேடையேறினார்.

* * *

மேசையின் மறுபக்கம் தோழி

ஒரு வழி இருந்தது. அதுதான் சிக்கலே.

இந்தியாவிலிருந்த கிறிஸ்தவ மருத்துவர்கள் எல்லா மிஷன்களுக்கும் பொதுவான ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று நெடுநாளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலூரையே அந்தக் கல்லூரியாக்கினால் பல மிஷன்களின் பணமும் ஆட்களும் வந்து சேரும். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆண்களையும் சேர்க்க வேண்டும்.

இங்கே சற்று நிற்போம்.

திண்டிவனத்து மூன்று பெண்கள் இறந்ததே பெண் டாக்டர் இல்லாததால். வேலூரின் ஒவ்வொரு செங்கல்லும் அந்த இரவிலிருந்து வந்தது. பெண்கள் படிக்கவும், பெண்கள் பாடம் நடத்தவும், பெண்கள் நிர்வகிக்கவும் ஓரிடம். அந்தக் காலத்து உலகத்தில் அப்படி எத்தனை இடம் இருந்தது?

பணமும் பெண்களின் பணம். அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற அம்மையார் முன்னின்று 1920-களின் தொடக்கத்தில் ஒரு பெரும் நிதி திரட்டினார். ஆசியாவில் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக 20 லட்சம் டாலர் சேர்த்தால் ராக்ஃபெல்லர் நிதியம் 10 லட்சம் தருவதாக ஒப்பந்தம். சர்ச்சுகளின் பெண்கள் சங்கங்கள் ஒவ்வொரு டாலராகச் சேர்த்து அதை எட்டின. வேலூர் பாகாயத்தில் எழுந்த கல்லூரி வளாகத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத ஆயிரமாயிரம் இல்லத்தரசிகளின் சில்லறை இருக்கிறது.

பீபாடி அம்மையார் ஐடாவின் நெடுநாள் தோழி. பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்ததை ஆண்களுக்குத் திறந்துவிடுவது துரோகம் என்று அவர் நினைத்தார். அவர் பக்கத்து நியாயத்தை நாம் குறைத்துப் பார்க்கக் கூடாது. இருபாலர் கல்லூரி என்று தொடங்கினால் முதலில் மாணவர் எண்ணிக்கை, பிறகு பேராசிரியர் பதவி, கடைசியில் முதல்வர் நாற்காலி என்று எல்லாம் ஆண்கள் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் வெறும் கற்பனையில்லை. உலகமெங்கும் அப்படித்தான் நடந்திருந்தது.

ஐடா தடுமாறினார். முதலில் அவருக்கும் மனம் ஒப்பவில்லை. நாற்பதாண்டு உழைப்பு ஒரு தட்டில். அதை மாற்றினால்தான் பிழைக்கும் என்ற கணக்கு மறுதட்டில்.

கடைசியில் அவர் மாற்றத்தின் பக்கம் நின்றார். தோழியர் பிரிந்தார்கள், பீபாடி அம்மையார் விலகிக்கொண்டார். அந்தக் காயம் ஐடாவுக்கு ஆறியதா என்பது வேறு கதை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 1918-இல் பள்ளி தொடங்கியதைவிட இந்த முடிவுதான் ஐடா ஸ்கடரின் பெரிய செயல். ஒன்றைத் தொடங்க ஆர்வம் போதும். தான் தொடங்கியதன் முகத்தைத் தானே மாற்ற, அது தன்னுடையதில்லை என்று மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்று பெண்களுக்குக் கடைசியில் தேவைப்பட்டது, கூப்பிட்டால் வரக்கூடிய, வந்தால் உள்ளே விடக்கூடிய, வேலை தெரிந்த ஓர் ஆள். அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்கும் இடம் மூடிப்போனால், அதன் வாசலில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்து யாருக்கு லாபம்?

* * *

1942 முதல் 1947 வரை

ஐடா அமெரிக்காவில் இருந்தபோதே வேலூரில் வேலை நடந்தது. தொழுநோய் மருத்துவத்தில் உலகப் பெயர் பெற்ற ராபர்ட் காக்ரேன், செங்கல்பட்டிலிருந்து வந்து கல்லூரியை உயர்த்தும் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டார். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக இணைப்பு கிடைத்தது. முதல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. நிரந்தர இணைப்புக்கு 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1946 ஒரு திருப்புமுனை ஆண்டு. செவிலியர் பயிற்சிப் பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. நர்ஸ் வேலைக்குப் பல்கலைக்கழகப் பட்டமா என்று பலர் புருவம் உயர்த்திய காலத்தில், இந்தியாவில் அதை முதலில் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று. அதே ஆண்டில் காக்ரேனின் அழைப்பில் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் வந்து இறங்கினார். தொழுநோயில் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தப்போகிறவர் அவர்.

டெல்லியில் அதே 1946-இல் போர் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. போர் என்றால் யுத்தமில்லை. தலைவர் சர் ஜோசப் போர். நாட்டுக்கு ஒரே வகை அடிப்படை டாக்டர் போதும், எல்.எம்.பி. வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. அதிலும் எல்லா உறுப்பினர்களும் ஒத்துப்போகவில்லை, எல்.எம்.பி.யை நிறுத்தினால் கிராமத்துக்கு யார் போவார்கள் என்று சிலர் மாற்றுக்கருத்து எழுதி வைத்தார்கள். சென்னையில் 1937-இல் எழுந்த கேள்வி இப்போது நாட்டின் கேள்வியாகிவிட்டது.

1947-இல் வேலூர் எம்.பி.பி.எஸ். வகுப்பில் முதன்முதலாக ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

பெண்கள் கையைவிட்டு எல்லாம் போய்விடும் என்ற அச்சம்? அதே 1947-இல் வேலூருக்கு வந்தவர் டாக்டர் ஹில்டா லாசரஸ். விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அரசின் பெண்கள் மருத்துவப் பணியின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலூரின் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். ஆண்கள் முதன்முதலாக நுழைந்த கல்லூரியில் தலைமை நாற்காலியில் ஓர் இந்தியப் பெண்.

* * *

ஹில்டாப்

1946-இல் பொறுப்பை இறக்கிவைத்துவிட்டு ஐடா மலையேறினார். கொடைக்கானல் அவருக்குப் புது ஊரில்லை. கோடையில் மிஷனரிகள் கூடும் ஊர். கூட்டங்கள், கணக்கு வழக்குகள், சண்டை, சமரசம் எல்லாம் அந்தக் குளிரில்தான் நடக்கும். சமவெளியிலிருந்து வருபவர்கள் அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கி மலையேறுவார்கள். இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம் அதுதான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. கெர்ட்ரூட் டாட் கூட இல்லை. நியூயார்க்கிலிருந்து வந்து சம்பளமில்லாமல் வேலூரின் கணக்குகளைப் பார்த்து, எத்தனையோ மாணவிகளின் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டிய தோழி. ஐடா ஓய்வு பெறும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

தனிமையில் சுருண்டுவிடும் ஆள் ஐடா இல்லை. முதுமையிலும் டென்னிஸ் மட்டையைக் கீழே வைக்கவில்லை. விருந்தாளிகள் ஓயவில்லை. வேலூரிலிருந்து வரும் இளம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அவர் ‘ஐடா அத்தை’. ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் தப்பாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்த கதை இன்றும் சொல்லப்படுகிறது.

நான் வியப்பது வேறொன்றை. பதினான்கு ஆண்டுகள் அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வேலூர் அவர் கற்பனைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1948-இல் பால் பிராண்டின் கை அறுவைச் சிகிச்சைகள். 1949-இல் ஜேக்கப் சாண்டியின் நரம்பு அறுவைத் துறை; நாட்டிலேயே முதலாவது. இவற்றில் எதுவும் ஐடா கற்றுக்கொடுத்த பாடமில்லை. கற்றுக்கொடுக்கும் பழக்கத்தைத்தான் அவர் விட்டுவிட்டு வந்திருந்தார்.

1960 மே மாதம், அதே ஹில்டாப்பில், 89-ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. வேலூரில் கடைகள் அடைத்து ஊரே அழுதது.

* * *

தீராத கணக்கு

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டதா? பள்ளங்கியிலிருந்து பார்த்தால் இல்லை.

1937 ஆணை கேட்டது ஒரு டாக்டர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பதை. வேலூர் அதற்குச் சரியான பதில் சொல்லிவிட்டது. அந்த டாக்டர் எங்கே போவார் என்பதை ஆணை கேட்கவேயில்லை.

வேலூருக்கு அது தெரிந்தேயிருந்தது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தது. சபைகளும் மிஷன்களும் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தங்களை அனுப்பிய அமைப்பின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும். எங்கெங்கோ சிற்றூர்களில் உள்ள எத்தனையோ ஆஸ்பத்திரிகள் அந்த ஏற்பாட்டால்தான் மூச்சு விடுகின்றன. ஆனால் குறிப்பிட்ட காலம் என்பது ஒருநாள் முடியும். டாக்டர் மேற்படிப்புக்குப் போவார். நாற்காலி மறுபடி காலியாகும்.

எல்.எம்.பி. டாக்டரும் போய்விட்டார், எம்.பி.பி.எஸ். டாக்டர் நிலைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே டோலியில் கிடக்கும் பெண்ணுக்கு யார் பொறுப்பு?

கீழிருந்து டாக்டரை மலைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதா? அல்லது கிராமத்திலேயே பிறந்து, கிராமத்திலேயே இருக்கப்போகிற ஒருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாடி பார்க்கவும், பிரசவம் பார்க்கவும், எந்த நேரத்தில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் கற்றுக்கொடுப்பதா? ஐடாவின் மருந்தகத்தில் சலோமி கற்றுக்கொண்டதுபோல?

வேலூரில் ஆண்கள் முதன்முதலாக வகுப்பில் உட்கார்ந்த அதே 1947-இல், இந்த மலையின் கிழக்கடிவாரத்துக்கு அப்பால், திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டியில் இன்னொரு டாக்டரம்மா ஒரு சின்ன மருந்தகத்தைத் திறந்தார். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளவயதில் கணவரை இழந்து, டெல்லி லேடி ஹார்டிஞ்சில் மருத்துவம் படித்தவர். காந்தியின் ஆசியோடு மறுமணம் செய்துகொண்டவர். டாக்டர் சௌந்தரம்.

அவர் கிராமத்துப் பெண்களைத் தேடித்தான் போனார். படிப்பு அதிகமில்லாத அந்தப் பெண்களின் கையில் ஓர் உயிரை ஒப்படைக்கலாமா? டாக்டர் ராஜன் எழுப்பிய தரம் என்ற கேள்விக்குச் சௌந்தரத்தின் காந்திகிராமம் என்ன பதில் வைத்திருந்தது?

அடுத்த வாரம் சின்னாளப்பட்டியில் இறங்குவோம்.